பாறைப் படிகக் குடுவை என்றால் என்ன? அதை எப்படிக் குடைந்தார்கள்?

கோயில் கடைகளில் விற்கும் ஸ்படிக மாலை தெரியும்தானே, அதே கல்தான். நிறமில்லாத தெளிந்த குவார்ட்ஸ். அந்தக் கல்லின் ஒரே கட்டியைக் குடைந்து கூஜா, குப்பி, கிண்ணம் என்று செய்ததைத்தான் அப்படிச் சொல்கிறோம். 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர் காலத்தில் இந்த வேலை உச்சத்தில் இருந்தது. வெனிஸ் நகரில் சான் மார்கோ தேவாலயக் கருவூலத்தில் ஒரு கூஜா இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு சிங்கங்கள், தோளைச் சுற்றி ஃபாத்திமிய அரசரான கலீஃபா அல்-அஸீஸின் (ஆட்சி 975–996) பெயர், கைப்பிடிகூட அதே கல்லில் செதுக்கியது, ஒட்டவைத்தது இல்லை.

சரி, ஏன் இவ்வளவு மதிப்பு? குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினம், உளி வைத்துத் தட்டினால் விரிசல் விடும். அதனால் அதைவிடக் கடினமான கல்தூளை ஈரத்தோடு வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் குடைய முடியும். சுரைக்காயில் காம்புப் பக்கம் ஓட்டை போட்டு உள்ளே சுரண்டிக் குடுக்கை செய்வோமே, அதே மாதிரிதான், ஆனால் இங்கே சுரண்ட வேண்டியது கல், கடைசி நாளில் கை தவறினாலும் எல்லாம் போச்சு.

அப்புறம், இன்று கடைகளில் ‘கிரிஸ்டல்’ என்று விற்கும் கோப்பைகள் உருக்கி வார்த்த கண்ணாடி. இதற்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை.