சனிக்கிழமை திமிங்கிலம், ஞாயிற்றுக்கிழமை மரதன்?

கேள்வி: ஒக்டோபரில் கொழும்பு மரதனில் முதல் தடவையாக முழுத் தூரமும் ஓடப்போகிறேன். பிரிஸ்பேனில் இருந்து அக்கா குடும்பமும் வருகிறது. சனிக்கிழமை விடியற்காலை மிரிஸ்ஸவுக்குப் போய்த் திமிங்கிலம் பார்த்துவிட்டு, பின்னேரம் கொழும்புக்குத் திரும்பி, ஞாயிறு காலை ஓடுவதாகத் திட்டம். வெளிநாடுகளில் ஓட்டத்தையும் சுற்றுலாவையும் இப்படித்தான் சேர்க்கிறார்கள். நம் ஆட்களும் இதைச் செய்யும்படி நாலு நல்ல வார்த்தை எழுதுவீர்களா?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இந்தத் திட்டத்துக்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. ஓடுங்கள், திமிங்கிலமும் பாருங்கள். இரண்டையும் ஒரே வார இறுதிக்குள் அடைக்காதீர்கள்.

முதலில் மாதமே பொருந்தவில்லை. கொழும்பு மரதன் வழக்கமாக ஒக்டோபர் முற்பகுதியில் வருகிறது. மிரிஸ்ஸவில் திமிங்கிலக் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். அதற்கு முன் சோளகக் காற்று மாதக்கணக்காகத் தென்கடலைக் கலக்கி வைத்திருக்கும், ஒக்டோபரில் அது முழுதாக அடங்கியிராது. அந்த மாதத்தில் படகே புறப்படாமல் போகலாம். புறப்பட்டாலும் அலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

அப்புறம் உங்கள் உடம்பு. மிரிஸ்ஸ இங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர். காலை ஆறரை மணிப் படகைப் பிடிக்க, அதிவேக நெடுஞ்சாலையில் போனாலும் நடுச்சாமம் கழிந்து மூன்று மணிக்குள் வெள்ளவத்தையை விட்டுப் புறப்பட வேண்டும். ஓட்டத்துக்கு முந்தைய நாள் நித்திரை அங்கேயே போய்விடும். பிறகு நாலைந்து மணி நேரம் வெயிலிலும் ஆட்டத்திலும் இருப்பீர்கள். சத்தி எடுத்தால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் போகும், சாப்பாடும் இறங்காது. மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். உடம்பில் சேர்த்து வைத்த மாச்சத்து பலருக்கு 30 கிலோமீற்றர் தாண்டும்போதே தீர்ந்துவிடும். அதை நிரப்பிக்கொள்வதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. கடல் மயக்கத்துக்கு விழுங்கும் குளுசைகளில் சில நித்திரை வரவைக்கும், சில வியர்ப்பதையே குறைக்கும். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு மறுநாள் இந்த ஊரில் நீண்ட தூரம் ஓடுவது ஆபத்து. மருத்துவரிடம் கேட்காமல் அதைச் செய்யவே வேண்டாம்.

சரி, ஞாயிறு ஓடிவிட்டுத் திங்கள் கடலுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். மரதன் ஓடியவருக்குக் கால்வலி உச்சத்துக்கு வருவது மறுநாளும் அதற்கு மறுநாளும். வீட்டுப் படி இறங்கவே சுவரைப் பிடிக்கும் கால்களோடு ஆடும் படகில் நிற்க முடியாது.

இதுவரை சொன்னது உங்களைப் பற்றி. எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்தத் திமிங்கிலம்.

மிரிஸ்ஸவுக்கும் தெய்வேந்திரமுனைக்கும் வெளியே கரையை ஒட்டிய ஆழமற்ற மேடை மிகக் குறுகலானது, கொஞ்சத் தூரத்திலேயே கடல் சடாரென்று ஆழமாகிவிடுகிறது. உலகத்திலேயே பெரிய உயிரான நீலத் திமிங்கிலத்தை ஒரு காலைப்பொழுதில் போய்ப் பார்த்து வர முடிவது அதனால்தான். மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் இரைக்காகத் துருவப் பக்கத்துக் குளிர்நீருக்கு நெடும்பயணம் போகும். வட இந்து சமுத்திரத்தில் உள்ளவை அப்படிப் போவதில்லை, ஆண்டு முழுவதும் இந்தச் சூடான கடலிலேயே வாழ்கின்றன. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். அவை நம் கரையோரம் வருவது இரை தேடி. சில தடவை மூச்சு விட்டுவிட்டு, பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆழத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகின்றன.

அந்த மூச்சு விடும் நேரத்தில்தான் படகுகள் பாய்கின்றன. திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு நெருங்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டவிதி. அப்படியும் ஏன் நெருங்குகிறார்கள்? படகோட்டியை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. பின்னால் இருந்து, “அண்ணை, இன்னும் கிட்டப் போங்கோ, எங்களுக்கு நேரமாகுது” என்று ஒருவர் சொல்கிறார். பின்னேரம் கொழும்பில் நிற்க வேண்டியவர் அவர். முன்கூட்டியே திரும்பும் நேரம் குறித்துவிட்ட பயணிக்காகத்தான் படகு துரத்துகிறது, முன்னால் போய்க் குறுக்கே நிற்கிறது. திமிங்கிலம் மூச்சை முழுதாக எடுக்காமல் மூழ்குகிறது. உங்கள் சனிக்கிழமைத் திட்டம் உங்களை அந்தப் பயணியாக ஆக்கிவிடும். நல்லவராக இருந்தாலும் ஆக்கிவிடும்.

கொஞ்சம் தெற்கே போனால் உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று. நீலத் திமிங்கிலங்கள் அங்கே கப்பல் மோதிச் சாகின்றன. 2022 இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலகிப் போகச் சொன்னது. சரக்குக் கப்பல்களே வழி மாற்றிக்கொள்ளும்போது, பார்க்கப் போகும் நாம் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கக் கூடாதா?

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் திமிங்கிலத்தின் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஓட்டத்தைத் தேடுங்கள். வெளிநாட்டு விளம்பரங்களையும் இதே கண்ணால் பாருங்கள். ஹொனலூலு மரதன் டிசம்பரில். ஹவாய்க்குக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும், நிறைந்து நிற்பது ஜனவரி முதல் மார்ச் வரை. கேப் டவுனில் 56 கிலோமீற்றர் ‘டூ ஓஷன்ஸ்’ ஓட்டம் பெரும்பாலும் ஏப்ரலில் வரும். அந்தப் பக்கத்துக் கரைக்குத் திமிங்கிலங்கள் வருவதோ ஜூனுக்குப் பிறகு. உண்மையாகப் பொருந்தும் இடம் உங்கள் அக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரிஸ்பேனுக்குத் தெற்கே கோல்ட் கோஸ்ட் மரதன் ஜூலைத் தொடக்கத்தில் நடக்கிறது. அங்கே அது குளிர்காலம், பாதை சமதரை, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அந்த மாதத்தில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அங்கேயும் ஓட்டத்துக்கும் படகுக்கும் நடுவில் மூன்று நாலு நாள் விடுங்கள்.

விமானச் செலவு வேண்டாமென்றால் திருகோணமலை இருக்கிறது. தெற்கில் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். துறைமுக வாயிலருகிலேயே ஆழமான கடற்பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்குக் கிட்ட வரும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் இருந்து, அதிர்ஷ்டம் இருந்தால், தொலைநோக்கியிலேயே நீர்த்தாரையைக் காணலாம். படகே தேவையில்லாத இந்தக் காட்சியை நம்மில் எத்தனை பேர் தேடிப் போகிறோம்? விடியற்காலை உப்புவெளிப் பக்கம் பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு, குளித்து, மலையேறி, கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருங்கள். பதக்கம் தராத ஓட்டம்தான், ஆனாலும் அது பயணமும் ஓட்டமும் உண்மையில் சேர்ந்த ஒரு நாள்.

ஒக்டோபரில் அக்கா குடும்பம் வந்திருக்கும்போது அவர்களைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சோறு நிறையச் சாப்பிட்டு, காலை நீட்டிப் படுங்கள். ஞாயிறு அவர்கள் பாதையோரம் தண்ணீரோடு நிற்கட்டும், கடைசி 10 கிலோமீற்றரில் அது உங்களுக்கு வேண்டியிருக்கும். மிரிஸ்ஸவுக்குப் பெப்ரவரியில் போங்கள், அங்கே இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் காணாவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்ற நிலையில் போங்கள். படகில் ஏறும்போதே ஓட்டுநரிடம், “தூரத்தில் நிற்பாட்டுங்கோ, காணாவிட்டாலும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம்” என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமைப் படகுக்கு முற்பணம் கட்டியிருந்தால், திகதியை மாற்றித் தரச்சொல்லி இன்றே கேளுங்கள்.