முதல் சனிக்கிழமை ஓட வேண்டாம், உதவப் போங்கள்

தம்பி, பிரிட்டனுக்கு வந்து நான்கு மாதமாகிறது, அலுவலகத்தைத் தாண்டி ஒருவரையும் தெரியாது, உடன் பணிபுரிகிறவர்கள் தொண்டு நிறுவனத்துக்காக நன்கொடை திரட்டி ஓடும் ஒரு தொண்டு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள், பள்ளிக்காலத்துக்குப் பிறகு ஓடியதே இல்லாத நான் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் பதினாறு ஆண்டுகளாக இங்கே இருக்கும் என் கருத்து. முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன்னுக்குப் போங்கள். அதிலும் முதல் வாரம் ஓடுவதற்காக அல்லாமல், உதவுவதற்காகப் போங்கள்.

பார்க்ரன் என்பது ஐந்து கிலோமீட்டர் தூரம், கட்டணம் இல்லை. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி லண்டனின் புஷி பூங்காவில், காயத்தால் ஓட முடியாமலிருந்த பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் தொடங்கி வைத்த முதல் ஓட்டத்தில் 13 பேர்தான் ஓடினார்கள். இன்று பிரிட்டன் முழுவதும் பல நூறு இடங்களில் அது நடக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலை ஒன்பது மணிக்கும், ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஒன்பதரைக்கும் தொடங்கும். இணையத்தில் ஒரே ஒருமுறை பதிவு செய்தால் உங்களுக்கென ஒரு பார்கோடு கிடைக்கும்; அதை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும், இல்லையேல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உங்கள் நேரம் பதிவாகாது. முழுத் தூரத்தையும் நடந்தே கடப்பவர்கள் பலர் உண்டு. எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவதையே பொறுப்பாக ஏற்ற தன்னார்வலர் ஒருவர் இருப்பதால், நாம்தான் கடைசி என்ற கூச்சத்துக்கு அங்கே இடமில்லை.

உதவியாளராகப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் முன்பின் தெரியாதவரிடம் காரணமில்லாமல் பேச்சுக் கொடுப்பது எளிதல்ல, நான்கு மாதத்தில் உங்களுக்கே புரிந்திருக்கும். ஒளிரும் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஒரு திருப்பத்தில் வழிகாட்டும் தன்னார்வலராக, அதாவது மார்ஷலாக, நின்று பாருங்கள்: மூச்சு வாங்க ஓடி வருகிறவர்கள் ஒவ்வொருவராக உங்களைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டே போவார்கள், நீங்களும் கைதட்டிக்கொண்டே நிற்பீர்கள். ஓட்டம் முடிந்து கூம்புகளை அடுக்கும்போது, அதுவரை வாய் திறக்காதவர்கூட உங்கள் பெயரைக் கேட்பார். ஓடினால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உதவப் போனால் உங்களைத் தேடுவார்கள். அந்தந்தப் பூங்காவின் குழுவுக்கு வாரநடுவில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், முன்னனுபவம் எதுவும் கேட்பதில்லை.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முடிவுக்கோட்டைத் தாண்டியதும், எத்தனையாவதாக வந்தீர்கள் என்ற எண் பொறித்த சிறு பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பார்கோடையும் டோக்கனையும் அடுத்தடுத்துக் காட்டிப் பதிந்த பின் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நானோ முதல் நாள் அது பரிசு என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு டோக்கன் குறைந்தால் அடுத்த வார வரிசையில் ஓர் எண் இல்லாமல் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. மறு சனிக்கிழமை தலைகுனிந்து அதை நீட்டியபோது, டோக்கன்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்து, தண்டனையாக அடுத்த வாரம் தன் பக்கத்தில் நின்று உதவச் சொன்னார்.

இனி உங்கள் அலுவலகத்து அழைப்பு. தொண்டு ஓட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. 1994இல் பெண்களுக்கான ஓட்டமாகத் தொடங்கி, 2019 முதல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும், கேன்சர் ரிசர்ச் யுகே என்னும் புற்றுநோய் ஆய்வுத் தொண்டு நிறுவனத்தின் ரேஸ் ஃபார் லைஃப் போன்றவற்றில் நுழைவுக் கட்டணம் செலுத்தி, திரட்ட முடிந்ததைத் திரட்டிக் கொடுக்கலாம், நடந்தும் முடிக்கலாம். லண்டன் மாரத்தானுக்குத் தொண்டு நிறுவனங்கள் கொடுக்கும் இடம் வேறு வகை: குலுக்கலில் பெயர் வராதவர்கள் அதை நாடுகிறார்கள், அதற்கு ஈடாகப் பல நிறுவனங்கள் 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேலும் திரட்டித் தருவதாக வாக்குறுதி கேட்கின்றன. நான் வந்த முதல் ஆண்டிலேயே ஓர் அரை மாரத்தானுக்கு அப்படி இடம் வாங்கினேன்; கேட்பதற்கு ஆள் இல்லாமல், ஒப்புக்கொண்ட தொகையில் பாதிக்கு மேல் என் கையிலிருந்தே போனது. எனவே பெயர் கொடுக்குமுன், குறைந்தபட்சத் தொகை உண்டா, எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிதி திரட்ட நீங்கள் இணையத்தில் தொடங்கும் நன்கொடைப் பக்கத்தில் கிஃப்ட் எய்ட் என்றொரு கட்டம் வரும். கொடுப்பவர் இங்கே வரி செலுத்துபவராக இருந்து அதில் குறியிட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் கூடுதலாக 25 பென்ஸ் அரசிடமிருந்து தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். ஊரிலிருந்து பணம் அனுப்பும் உறவினர்கள் அன்பினால் அதில் குறியிட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். இங்கே போதிய வரி செலுத்தாதவர் குறியிட்டால், அரசு கொடுத்ததற்கும் அவர் கட்டிய வரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டும் பொறுப்பு அவரையே சேரும்.

கட்டண ஓட்டங்களில் மார்பில் குத்திக்கொள்ள எண் அட்டை ஒன்று தருவார்கள். அதை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பின்புறத்தில் உங்கள் உடல்நலக் குறிப்புகளையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணையும் எழுத இடம் விட்டிருக்கும். முதல் ஆண்டு அந்த அரை மாரத்தானுக்கு முந்தைய இரவு, பேனாவுடன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊரில் உறங்கிக்கொண்டிருந்த அண்ணனின் எண்ணை எழுதினேன். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் டோக்கன் பெரியவரின் எண்ணை எழுதினேன்.