பட்டணத்துச் செலவு: வாசகர் கேள்விகள்

பிள்ளைகள் படிப்பை முடித்துச் சென்னைக்கு மூட்டை கட்டும் மாதம் இது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கடிதங்களில் பாதி பட்டணத்துச் செலவைப் பற்றியே வந்திருக்கின்றன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மகனுக்குச் சிறுசேரியில் வேலை, சம்பளம் 27,000. அந்தப் பக்கம் அறை வாடகை 11,000 கேட்கிறார்கள். அம்பத்தூரில் உறவினர் வீட்டு மாடி 6,000-க்குக் கிடைக்கிறது. மாதம் 5,000 மிச்சம்தானே? (வாசகி, தேவகோட்டை)

பதில்: இல்லை ஆச்சி. அம்பத்தூர் நகரத்தின் வடமேற்கில், சிறுசேரி தெற்கில். நடுவில் நாற்பது கிலோமீட்டரையொட்டி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து நம் பக்கத்துத் திருப்பத்தூர் போய்த் திரும்பும் தூரம், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். அம்பத்தூரில் மின்சார ரயில் உண்டு, சிறுசேரியில் கிடையாது. ஆகவே வண்டி மாறி மாறித்தான் போகவேண்டும். மாநகரப் பஸ்ஸில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது என்பது உண்மை. முதல் மாதம் அதில் போவான். இரண்டாம் மாதம் பைக் கேட்பான். மூன்றாம் மாதம் தவணையும் பெட்ரோலும் போக அந்த 5,000 எங்கே என்று நீங்கள் எனக்கே எழுதுவீர்கள். சிறுசேரிப் பக்கமே இன்னொரு பையனோடு அறையைப் பகிர்ந்துகொள்ளட்டும். உறவினர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகலாம்.

கேள்வி: சென்னையில் 18,000 வாடகைக்கு இருந்தோம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று 40,000 பிடித்துக்கொண்டார்கள். பில் கேட்டால் கோபப்படுகிறார்கள். (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. நான் மந்தைவெளியில் குடியிருந்து காலி செய்த அன்று, வீட்டுக்காரர் டார்ச் விளக்கோடு வந்து சுவரில் ஆணித் துளைகளை எண்ணினார். பதினொன்று. துளைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டார். அவற்றில் ஆறு எனக்கு முன்பு இருந்தவர் அடித்தவை.

பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம். வட்டிக் கணக்கை வாயாலேயே போடுகிற ஊர்க்காரர்கள் நாம், இதில் மட்டும் போடுவதில்லை. 1,80,000 ரூபாயை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 12,600, மாதத்துக்கு 1,050. ஆக உங்கள் வாடகை 18,000 அல்ல, 19,050. வீட்டுக்காரருக்கு அது வட்டியில்லாக் கடன். கடன் கொடுத்தவர் கைகட்டி நிற்க, வாங்கியவர் அதட்டுகிற இப்படியொரு கொடுக்கல் வாங்கலை நம் வட்டிக்கடைப் பெட்டியடியில் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும். அந்த ‘வேறுவிதமாக’ என்ற சந்தில்தான் பத்து மாதம் நுழைந்துகொள்கிறது. எனவே ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெள்ளையடிப்புச் செலவு உங்கள் தலையில் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. பில் கேட்டு, ஒப்புகை வருகிற தபாலில் கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் அந்தச் சட்டப்படி மனுக் கொடுங்கள். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பணம் வந்ததும் எழுதுங்கள். என் பதினொரு துளைக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

கேள்வி: அதிகாலை நாலரைக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். மயிலாப்பூருக்கு ஆட்டோ 1,200 கேட்டார். நியாயமா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. முப்பது கிலோமீட்டர் என்றால் 363. இரவுக்கு அரை மடங்கு கூட்டினால் 545. அந்தக் கட்டணத்தில் இன்று வண்டி ஓட்டினால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1,200 அடாவடி. மாநகரப் பஸ் அங்கிருந்தே புறப்படுகிறது. இல்லையென்றால் அடுத்த முறை பல்லவன் ரயிலில் போய் எழும்பூரில் இறங்குங்கள்.

கேள்வி: சென்னையில் விடுதி அறைக்குப் படம் பார்த்து 15,000 அனுப்பினேன். இப்போது அந்த எண் அணைந்திருக்கிறது. (வாசகர், புதுவயல்)

பதில்: இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்கு முன் 1930-க்கு அழையுங்கள். இணையப் பணமோசடிக்கான எண் அது. தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஒரு பழைய தேக்குத் தூண் வாங்க நான்கு பேரைக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கிற ஊரிலிருந்து, அறையைப் பார்க்காமல் ஒருவர் 15,000 அனுப்பியிருக்கிறார்!

கேள்வி: மகனின் சென்னை வீட்டுக்கென்று அங்கேயே ஒரு கடையில் ஆத்தங்குடித் தரைக் கல் என்று 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். பதிக்க வந்த கொத்தனார் பார்த்ததும் சிரித்துவிட்டார். (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: ஆத்தங்குடி நம் பக்கத்து ஊர். கூடப் பிறந்த கல்லே அடையாளம் தெரியாமல் போனது வருத்தம்தான். ஆனாலும் ஏமாற்றியது கடைக்காரர், நீங்கள் அல்ல. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் வார்த்த கல்லுக்கு முதுகில் சொரசொரப்பான சிமென்ட் தெரியும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அச்சடித்த ஓட்டில் எல்லாப் பூவும் ஒரே பூ. பதிக்காமல் அப்படியே வையுங்கள். பில்லில் ‘ஆத்தங்குடி’ என்று இருக்கிறதா? இருந்தால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

கேள்வி: மகளின் சீர்சாமான், கட்டில் எல்லாவற்றையும் சென்னைக்கு லாரியில் அனுப்பலாமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: பாத்திரம் அனுப்புங்கள். கட்டில் வேண்டாம். நான் அனுப்பிய தேக்குக் கட்டில் லிப்டிலும் நுழையவில்லை, மாடிப்படியிலும் திரும்பவில்லை. இரண்டு லாரி வாடகை கொடுத்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போது எங்கள் ஊர் வீட்டுப் பட்டாலையில் படுத்திருக்கிறது.

கேள்வி: சென்னையில் வாழ மாதம் 30,000 போதுமா? (பெயரில்லை, ஊரில்லை)

பதில்: எத்தனை பேர், வேலை எந்தப் பக்கம், பள்ளிக்குப் போகிற பிள்ளை உண்டா, தண்ணீர் குழாயிலா லாரியிலா? எழுதி அனுப்புங்கள், கணக்குப் போடுவோம்.