18 வருடப் பறவைக் கணக்கை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: ஒரே காட்டில் 40 இடங்களில், வருடத்துக்கு 2 முறை வீதம், 18 வருடமாகப் பறவைகளை எண்ணி வருகிறோம். எல்லாம் எக்செல் கோப்புகளாகக் கிடக்கின்றன. பொதுவில் பகிரச் சொல்கிறார்கள். எங்கள் உழைப்பில் வேறு யாராவது கட்டுரை எழுதிவிடுவார்களோ, கூடுகளுக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. கட்டணம் கொடுத்தால் பதிவேற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப் (GBIF) தரவுத்தளமும் சரி, ஆய்வுக் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் ஜெனோடோ (Zenodo) களஞ்சியமும் சரி, தரவை வெளியிடக் காசு கேட்பதில்லை. ஜெனோடோவில் நீங்களே கணக்குத் தொடங்கலாம். ஜிபிஃப்புக்கு மட்டும் பதிவு செய்த ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ போதும்.

இடைத்தரகர் தன் கணக்கில் பதிவேற்றினால் பிறகு ஒரு பிழையைத் திருத்தக்கூட அவர் தயவு வேண்டும். சிலர் கட்டணத்தோடு நிற்காமல் ஆசிரியர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். அதையும்விடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று பறவை, இடம், தேதி என்று மூன்று நெடுவரிசையாகச் சுருக்கிவிடுவார்கள். போய் நின்றும் ஒன்றுமே தென்படாத நாள்கள் அதில் காணாமல் போகும். பறவை குறைந்ததா, நீங்கள் போனது குறைந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரியான அமைப்புக்கு இரண்டு அட்டவணை போதும். முதலாவதில் நீங்கள் போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி: வருகைக் குறியீடு, இடம், தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர் தொலைவுக்குள் எண்ணினீர்கள், யார் எண்ணினார். இரண்டாவதில் பறவையும் எண்ணிக்கையும், அதே வருகைக் குறியீட்டோடு. 40 இடம், 2 முறை, 18 வருடம்: முதல் அட்டவணையில் 1,440 வரி இருக்க வேண்டும். குறைந்தால் களக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். மழையால் போகாத நாள் வேறு, போயும் பறவை இல்லாத நாள் வேறு. இரண்டையும் வெறும் கட்டமாக விட்டிருந்தால் அதுதான் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்.

மஞ்சள் அடித்த கட்டங்களின் பொருளைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள்; வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் தங்கும் சிஎஸ்வி (CSV) கோப்பாகச் சேமித்தால் நிறம் போய்விடும். தேதி 2009-04-03 (வருடம்-மாதம்-நாள்) என்ற வடிவில் இருக்கட்டும். ஒரே இனமாக இருந்ததை ஆய்வாளர்கள் பிறகு இரண்டாகப் பிரித்துப் பெயர் மாறியிருந்தால், அன்று எழுதிய பெயரை அழிக்காமல் பக்கத்தில் புதுப் பெயரைச் சேருங்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். பகிர்வுத் திட்டம் எங்கே என்று பக்கம் பக்கமாகக் கேட்கும் நிதியளிப்பாளர்கள், இந்த வேலைக்குச் சம்பளம் என்று ஒரு வரி சேர்த்தால் மட்டும் அடித்துவிடுகிறார்கள்.

கட்டுரை பயத்துக்கு வருகிறேன். வெளியீட்டுத் தேதியோடு டிஓஐ (DOI) எண், அதாவது கோப்புக்கான நிரந்தர அடையாள எண், வாங்குவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. தரவை யார், எப்போது வெளியிட்டார் என்பதற்கு அது சாட்சி. சிசி-பை (CC BY) என்ற பொதுப் பகிர்வு உரிமத்தில், பயன்படுத்துபவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொந்தக் கட்டுரை பாதியில் இருந்தால் ஜெனோடோவில் கோப்பைக் குறிப்பிட்ட தேதிவரை பூட்டி வைக்கலாம். அதற்காகப் பத்து வருடம் பூட்டாதீர்கள்.

கூடுகள் விஷயத்தில் பயம் நியாயமானது. பெரும்பாலோர் கோட்டைவிடுவதும் இங்கேதான். கழுகு, இருவாச்சி போன்றவை வருடா வருடம் அதே கூட்டுக்குத் திரும்புபவை. அந்த வரிகளில் மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை 0.1 பாகைக்குச் சுருக்கினால், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மங்கலாகும் என்று நிம்மதியடைவார்கள். ஆனால் அந்த வரியில் வருகைக் குறியீடு இருக்கிறதே! அதைப் பிடித்து முதல் அட்டவணைக்குப் போனால் துல்லியமான இடம் அப்படியே கிடைத்துவிடும். குறியீட்டை நீக்கினாலும் தேதி, நேரம், எண்ணியவர் பெயர் மூன்றையும் வைத்து எந்த வருகை என்று கண்டுபிடிக்கலாம். அதனால் அந்த இனங்களை முழுக்கத் தனிக் கோப்பாகப் பிரித்து, இடத்தைச் சுருக்கி, தேதிக்குப் பதில் வருடம் மட்டும் கொடுத்து வெளியிடுங்கள். முதன்மைக் கோப்பின் விளக்கத்தில் எந்தெந்த இனங்களை எடுத்தீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் அவை அந்தக் காட்டிலேயே இல்லை என்று படிப்பவர் முடிவுகட்டுவார். குறிப்பு நெடுவரிசையையும் படித்துப் பாருங்கள். "ஓடைப் பாலத்துக்கு மேற்கே பெரிய ஆலமரம்" என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

பயந்துபோய் எல்லாப் பறவைக்கும் இடத்தை மங்கலாக்க வேண்டாம். காட்டின் வகையோடு ஒப்பிட முடியாத தரவாகிவிடும். பிரித்தெடுத்த இனங்களின் துல்லியமான கோப்பு மட்டும் உங்களிடமே இருக்கட்டும். அதைக் கேட்டு எழுத வேண்டிய முகவரியாக ஒரு தனிநபரின் மின்னஞ்சலைப் போடாமல், ஆள் மாறினாலும் மாறாத அமைப்பின் மின்னஞ்சலைக் கொடுங்கள்.