மான் நொண்டிக்கொண்டே வரட்டும்

கேள்வி: நான் மேசன். வயது 33. போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஏழு வயது மருமகள் கொண்டுவரும் கதைப் புத்தகங்களை அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, இப்போது நானே சிறுவர் கதை எழுதுகிறேன். "காலுக்கு வழியைப் பார், கதை சோறு போடுமா?" என்கிறார்கள் வீட்டில். ஒரு கதை அனுப்பியிருக்கிறேன். தொடரலாமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி, கதை சோறு போடாதுதான். அதை வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டு எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய கதையில், திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான், கோணேசர் கோயிலுக்கு வந்த சனம் எறிந்த சோற்றுப் பார்சலின் பொலித்தீனைத் தலையைச் சரித்து இழுக்கிறதே, அந்த இடம் அருமை. அப்புறம் ஓட்டோ மோதிக் கால் முறிகிறது. கடைசிப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்று நீரும் பட்டதும் கால் சரியாகி, துள்ளி ஓடுகிறது. அங்கேதான் எனக்கு நெருடியது. அந்தப் பக்கத்தை நீங்கள் மருமகளுக்காக எழுதவில்லை.

பிழையில்லை, அந்த ஆசை யாருக்குத்தான் இருக்காது? அதற்கென்று இன்னொரு கொப்பி வையுங்கள். விழுந்த நாள், ஆஸ்பத்திரி இரவுகள், கோபம், பார்க்க வந்தவர்கள் சொன்ன பேச்சு எல்லாம் அதில் போகட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம். பிள்ளைகளின் கொப்பியில் மான் நொண்டிக்கொண்டே வரட்டும். மற்ற மான்கள் ஓடிக் கடந்துவிடும் இடத்தில் அது நின்று பார்க்குமே, அங்கே என்ன இருக்கும்? பிள்ளைகள் "காலுக்கு என்ன நடந்தது?" என்று ஒருமுறை கேட்பார்கள். அடுத்த கேள்வி "பிறகு?" என்பதுதான்.

இங்கிலாந்தில் அன்னா சீவெல் என்றொரு பெண், 14 வயதில் பள்ளி விட்டு வரும்போது விழுந்து கணுக்கால்கள் பழுதாகின. அதன்பின் அதிக தூரம் நடக்க முடியவில்லை, வெளியே போனால் குதிரை வண்டிதான். ஐம்பது தாண்டி, நோயாளியாக, 1871 முதல் 1877 வரை எழுதியது ஒரே நாவல், 'பிளாக் பியூட்டி'. முடியாத நாட்களில் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். ஆனால் அது குதிரையின் வாயால் சொல்லப்படும் குதிரைகளின் பாடு. (குதிரைக்காரர்களுக்கென்று எழுதியதைப் பிள்ளைகள் பறித்துக்கொண்டது வேறு கதை.) வண்டியில் போய் வந்தே குதிரையைக் கிட்டத்தில் பார்த்தவர் அவர். நீங்களும் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கிறீர்கள். கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணும் ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணும் ஏறத்தாழ ஒரே உயரம். மேசைக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அந்த வீட்டில் உங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

வீட்டார் சொல்வதிலும் பாதி சரி. எழுத உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது, உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் வருவதும் தெரியாது. படுத்திருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரளுங்கள். சக்கர நாற்காலியில் என்றால் அரை மணிக்குள் ஒருமுறையாவது கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிசியோ நேரத்தில் மட்டும் கதை வேண்டாம்.

திருத்தியதை மருமகளுக்குச் சத்தமாக வாசியுங்கள். அவள் முகத்தைப் பார்க்காதீர்கள், மாமாவுக்காகச் சிரிப்பாள். காலைப் பாருங்கள். ஆட்டத் தொடங்கினால் அந்தப் பந்தியை வெட்டுங்கள்.

புதிய கடைசிப் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள். பொலித்தீன் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.