முதியவர்கள் சமூக ஊடகம் பயன்படுத்தினால் தனிமை குறையுமா, கூடுமா?

இரண்டுமே நடக்கும். எத்தனை மணி நேரம் என்பதைவிட யாரோடு, எதற்காக என்பதுதான் முக்கியம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமை உணர்வை இரண்டாகப் பிரித்தார். பழக ஆட்கள் இல்லாத தனிமை ஒன்று. மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. முதலாவதற்கு வாட்ஸ்அப் குழுவும் ஃபேஸ்புக்கும் ஓரளவு கைகொடுக்கும். துணையை இழந்தவரை வாட்டுவது பெரும்பாலும் இரண்டாவது. நூறு 'காலை வணக்கம்' படங்கள் வந்தாலும் அது தீராது.

வயது ஏற ஏற மனிதர்கள் புது அறிமுகங்களைவிட நெருங்கிய சிலரையே நாடுகிறார்கள் என்கிறார் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். அதனால் பேத்தியோடு பத்து நிமிட வீடியோ அழைப்பு தரும் நிறைவை, அடுத்தவர் வீட்டு விசேஷப் படங்களைச் சும்மா தள்ளிக்கொண்டிருப்பது தராது. குடும்பக் குழுவில் தாத்தா ஏதோ கேட்டிருப்பார்; எல்லோரும் படித்ததற்கான நீலக் குறி விழுந்திருக்கும், பதில் மட்டும் வந்திருக்காது. போனே இல்லாமல் இருந்திருந்தால் இந்த வலி இல்லை.

ஆய்வுச் செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதிகம் பயன்படுத்துபவர் தனிமையில் வாடுகிறார் என்றால், ஊடகம்தான் காரணம் என்று ஆகிவிடாது. தனிமை தாங்காமல் அங்கே போயிருக்கலாம்.

அப்புறம், காது மந்தமானவருக்கு வீடியோ அழைப்பே சிரமம். குரல் பதிவாக அனுப்பினால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வார்.