வண்டி கேள்வி-பதில்: போர் தண்ணீரும் ஊட்டிக் குளிரும்

கேள்வி: எங்கள் கார் ஊர் வீட்டிலேயே நிற்கிறது. சென்னையிலிருந்து மகன் வந்தால்தான் எடுப்போம். டயரெல்லாம் புதுசு போலவே இருக்கிறது. மார்கழியில் பேரப்பிள்ளைகளோடு ஊட்டி போகிறோம். குளிருக்கு என்ன பார்க்கணும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: குளிரை விடுங்கள் ஆச்சி, வண்டி ஓடாமல் நிற்பதுதான் எனக்குக் கவலை. காரைக்குடியில் என் பட்டறைக்கு வருவதில் நிறைய வண்டி இப்படி ஷெட்டில் பூட்டிக் கிடந்ததுதான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-இல் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரிக்கட்டை, தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரமான மலை ரோட்டில் பிடிக்காது. ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அப்புறம் ரேடியேட்டர். வாளியில் போர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. அந்த உப்பு உள்ளே காறையாகப் படிந்து, குன்னூர் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும். ஊட்டிக் குளிரில் இன்ஜின் உறைவது அபூர்வம். கொதித்து நிற்பதுதான் அதிகம். பழையதை வடித்துவிட்டு, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றச் சொல்லுங்கள். சூட்டுக்கும் ஆகும், மைனஸ் 30 டிகிரி வரை உறையவும் உறையாது.

பேட்டரி வீக்காக இருந்தால் இங்கே எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும், அங்கே விடிகாலையில் செல்ஃப் எடுக்காது. கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள். ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் தலைகுந்தாப் பக்கம் தங்கினால் காலையில் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். வெந்நீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போட்டு, சூட்டுப் பக்கம் திருப்பி, வெளிக்காற்றைத் திறந்துவிடச் சொல்லுங்கள். குளிரில் ஏ.சி. எதற்கு என்று பேரன் சிரிப்பான். ஈரத்தை எடுப்பது அதுதான். ஊட்டிக்கு வண்டியில் போக எடுக்கும் இ-பாஸையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: தை மாதம் விடிகாலையில் நத்தம் வழியாகத் திண்டுக்கல் போகணும். பனி மூட்டத்துக்கு ஹை பீம் போடலாமா?
– வாசகர், குன்றக்குடி

பதில்: போடாதீர்கள் அண்ணே. வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம் போதும். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டவும் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. தைப்பூசத்தை ஒட்டி அந்த ரோட்டில் பழனிக்கு நடப்பவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். இடது ஓரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, 40-க்கு மேல் போகாதீர்கள்.